குமித்சாவோடு யாரும் பேசக் கூடாது

1952 மார்ச் 1, சனி

இன்று பாபா மார்த்தா வருகிற நாள். எங்கள் ஊரில் மார்ச் மாதத்தை ஒரு கிழவி என்பார்கள். அவள் சிரித்தால் வெயில், முகத்தைச் சுளித்தால் பனி. காலையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள். அவள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அம்மா விடிவதற்கு முன்பே வாசற்கதவில் சிவப்புக் கம்பளியைத் தொங்கவிட்டாள்.

தோன்கா பக்கத்து வீட்டிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். எனக்காக முறுக்கிய மார்த்தெனிச்சாவை என் மணிக்கட்டில் கட்டினாள். நான் முறுக்கியதை அவளுக்குக் கட்டினேன். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்ந்த கயிறுதான். ஆனால் நமக்கு நாமே செய்து கட்டிக்கொள்ளக் கூடாது, வேறொருவர் கொடுக்க வேண்டும். முதல் நாரையைப் பார்க்கும்வரை அல்லது முதல் மரம் பூக்கும்வரை கழற்றக் கூடாது. பிறகு பூத்த கிளையில் கட்டிவிட வேண்டும்.

"நீ எப்பவும் போல இடப்பக்கமா முறுக்கியிருக்கே" என்று தோன்கா சிரித்தாள். "பாபா மார்த்தா இதைப் பார்த்தா தலைசுத்தி விழுந்துடுவா."

அம்மாவின் பழைய மாலை அறுந்தபோது கிடைத்த நீல மணிகளில் ஆளுக்கொன்று கோத்திருக்கிறோம். ஊரில் வேறு யாருடைய கயிற்றிலும் நீல மணி கிடையாது.

மூன்றாவதாக மணி இல்லாமல் ஒன்று முறுக்கினேன். அது யாருக்கு என்று தோன்கா கேட்டாள். ஆட்டுக்கு என்றேன்.

அது யோர்தான் அண்ணனுக்கு. ஜனவரியில் கூட்டுப்பண்ணைக்காக எங்கள் ஆடுகளை ஓட்டிப்போக வந்தார்கள். அண்ணன் பண்ணைத் தலைவரைப் பிடித்துப் பனியில் தள்ளினான். வைக்கோல் வாரும் முட்கோலால் அடித்தும்விட்டான். அன்றைக்கு மலைக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. பிடித்தால் கட்டாய வேலை முகாமுக்கு அனுப்புவார்கள். அவன் கடலோர ஊரில் துறைமுக வேலைக்குப் போயிருப்பதாக அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். யாரிடமும் உண்மையைச் சொல்லக் கூடாது என்றால் எனக்கு வயிறு வலிக்கிறது. இங்கே எழுதினால் கொஞ்சம் குறைகிறது.

மச்சில், மக்காச்சோளக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். நாய் குரைக்கிறது. மெழுகுவர்த்தியை அணைக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

பெரிய நோன்புக்கு முந்திய ஞாயிறு. இன்று எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அம்மாவின் கையை முத்தமிட்டு, "மன்னிச்சிடும்மா" என்றேன். "மன்னிச்சேன்" என்றாள். அவளும் யாரிடமாவது கேட்க வேண்டுமே. அப்பா போருக்குப் போய்த் திரும்பவில்லை. அதனால் சுவரில் இருக்கும் அப்பாவின் படத்தைப் பார்த்து வாய்க்குள் என்னவோ சொன்னாள்.

தோன்காவும் அவள் அம்மாவும் வந்தார்கள். தோன்காவின் அப்பா ஸ்பாஸ் மாமாவைப் போன மாதம் போலீஸ் கொண்டுபோனது. தரைக்கடியில் கோதுமையைப் புதைத்து வைத்திருந்தாராம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட இன்னும் தெரியாது. தோன்காவின் அம்மா எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

உத்தரத்தில் கயிறு கட்டி ஒரு துண்டு அல்வாவைத் தொங்கவிட்டு அம்மா அதைச் சுழற்றிவிட்டாள். கையால் தொடாமல் வாயால் கவ்வ வேண்டும். தோன்காவின் மூக்கெல்லாம் சர்க்கரை. கவ்வியதும் பாதியைக் கடித்து எனக்குக் கொடுத்தாள்.

"நாம ரெண்டு பேரும் எதுக்குடி மன்னிப்புக் கேக்கணும்?" என்றாள்.

"என் சீப்பை உடைச்சியே."

"அது நாய் உடைச்சது."

"நாய் எப்படிடி தலை வாரும்?"

"சரி, மன்னிச்சிடு. நாய் சார்பா கேக்கறேன்."

மன்னித்தேன் என்றேன். ஆட்டுக்கு என்று பொய் சொன்னதற்கு நான் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

லாசர் சனிக்கிழமைக்கான பாட்டுப் பழக்கம் தொடங்கிவிட்டது. ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்பு, எங்கள் வயதுப் பெண்கள் கல்யாணப் பெண்ணைப் போல உடுத்திக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போவோம். அதற்குப் பிறகு எங்களைச் சின்னப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல முடியாது. தோன்காவுக்கும் எனக்கும் இதுதான் முதல் வருடம்.

திமித்ரா அக்கா சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்குப் பதினெட்டு வயது. அதட்டினால் கோழிகூட உட்கார்ந்துவிடும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஏற்ற பாட்டு. கைக்குழந்தை இருந்தால் ஆட்டுக்குட்டிப் பாட்டு. கல்யாணமாகாத வாலிபன் இருந்தால் பருந்துப் பாட்டு. ஆண் துணையே இல்லாத வீட்டுக்கு ஆப்பிள் மரப் பாட்டு, அது மட்டும் மெதுவாகப் போகும். மாற்றிப் பாடினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அதனால் அக்கா ஒவ்வொரு வீடாகக் கேட்டு எங்களைச் சொல்ல வைத்தாள்.

"வெலிச்கா வீட்டுக்கு என்ன பாட்டு?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தோன்கா சொன்னாள்: "பருந்துதான். யோர்தான் அண்ணன் துறைமுகத்துக்குத்தானே போயிருக்காரு, செத்தா போயிட்டாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 19, புதன்

இன்று விறகு பொறுக்குகிற சாக்கில் நான் தனியாக மலைக்குப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. ரொட்டியைப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டேன். மேலே கைவிட்ட ஆட்டுப்பட்டி ஒன்றில் அண்ணன் இருக்கிறான். தாடி வளர்ந்து பாதிரியார் மாதிரி ஆகிவிட்டான்.

"பாலாடைக்கட்டி எங்கே? வழியிலேயே தின்னுட்டியா?"

"நோன்புல பாலாடைக்கட்டி சாப்பிடக் கூடாது."

"மலையில இருக்கறவனுக்கு நோன்பு கிடையாதுன்னு அம்மாகிட்ட சொல்லு."

நான் கொடுத்தனுப்பிய மார்த்தெனிச்சாவைக் கோட்டின் மேல் பொத்தானில் கட்டியிருந்தான். அதைத் தொட்டுக் காட்டினான். பிறகு நாட்டைவிட்டுப் போகிற ஏற்பாட்டைச் சொன்னான். எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் ஏதாவது ஒன்றை மறந்து தப்பாகச் செய்துவிடுவேன்.

எல்லைக்குப் போகிற பாதை ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறது. பாலத்தில் காவல் இருக்கிறது. காவல் எடுக்கப்பட்டதும் கரி சுடுகிற கோஸ்தா மாமா வந்து அம்மாவிடம் சொல்வார். அவர்தான் அண்ணனை எல்லைவரை கூட்டிப்போகிறவர். உடனே நான் இடிந்த மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பிளம்ஸ் மரத்தின் கீழ்க்கிளையில் என் மார்த்தெனிச்சாவைக் கட்ட வேண்டும். ஊரில் முதலில் பூப்பது அந்த மரம்தான். எல்லோரும் அங்கேதான் கட்டுவார்கள், யாருக்கும் சந்தேகம் வராது. இருட்டியதும் அண்ணன் காட்டு ஓரமாக வந்து பார்ப்பான். நீல மணி இருந்தால் இறங்கி வருவான். இல்லாவிட்டால் பட்டிக்கே திரும்பிவிடுவான்.

"நான் அந்த மணியை மட்டும்தான் நம்புவேன்" என்றான். "தோன்காகிட்டகூடச் சொல்லாதே."

"அவ நம்ம தோன்கா."

"அதனாலதான் சொல்றேன். அவளுக்கும் பயம் இருக்கும்."

மார்ச் 22, சனி

தோன்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

தோன்காவிடம் கொஞ்சம் சொன்னேன். பாட்டு முடிந்து வரும் வழியில் அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் அண்ணன் சம்பளம் வாங்கிட்டுச் சந்தோஷமா இருக்காரு. உனக்கு என்னடி தெரியும்?" என்றாள். அவன் துறைமுகத்தில் இல்லை என்று மட்டும்தான் சொன்னேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இப்போது எனக்கு வயிற்றுவலி இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

மரத்தைப் பற்றிச் சொன்னது தப்பில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் யார் போவார்கள்? அவள் கயிற்றிலும் அதே நீல மணிதானே. நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன்.

பருந்துப் பாட்டில் நான் இன்னும் மூச்சு எடுக்காமல் முன்னால் ஓடுகிறேன் என்று திமித்ரா அக்கா திட்டினாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பிளம்ஸ் மரம் பூத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடித் தங்கள் கயிறுகளைக் கட்டின. மரம் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும். "நீ ஏன் கட்டல?" என்று ஒரு வாண்டு கேட்டது. நாரையைப் பார்த்த பிறகுதான் கட்டுவேன் என்றேன். கோஸ்தா மாமா இன்னும் வரவில்லை. பாலத்தில் காவல் இருக்கிறது.

தோன்காவின் அம்மாவை ஊராட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்களாம். திட்டுவார்கள் என்று பயந்துகொண்டு போனாளாம். உட்காரச் சொல்லி, டீ கொடுத்தார்களாம். சர்க்கரை போட்ட டீ. தோன்காவும் கூடப் போயிருக்கிறாள்.

"எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மில்லுக்கு அந்தப் பக்கம் இரண்டு முறை வெடிச் சத்தம் கேட்டது. காட்டுப்பன்றி சுடுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டுப் போட்டிருந்த தாழ்ப்பாளையே மறுபடியும் போட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஸ்பாஸ் மாமா வந்துவிட்டார்! பண்ணை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மெலிந்து, மொட்டைத் தலையோடு இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா உடனே பால் காய்ச்சி என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

தோன்கா கதவைப் பாதிதான் திறந்தாள். பாலை வாங்கிக்கொண்டாள். "உள்ளே வரட்டுமா?" என்றேன். "அப்பா தூங்கறாரு" என்றாள். வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. முகாமுக்குப் போனவர்களும் திரும்பி வருகிறார்கள்.

ஏப்ரல் 9, புதன்

தோன்காவின் மணிக்கட்டில் மார்த்தெனிச்சா இல்லை. எங்கே என்று கேட்டேன். நாரையைப் பார்த்தேன், கட்டிவிட்டேன் என்றாள். எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். ஆற்றுப் பக்கம் என்றாள். ஊரில் வேறு யாரும் இன்னும் நாரையைப் பார்க்கவில்லை. அவளுக்கு எப்போதும் கண் கூர்மை.

ஏப்ரல் 12, லாசர் சனி

கை வலிக்கிறது, கால் வலிக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

அம்மாவின் கல்யாணப் பாவாடை, திமித்ரா அக்கா கொடுத்த நாணய மாலை, தலையில் பூவும் புல்லும். கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் பாடினோம். ஆளுக்கு ஒரு முட்டை கொடுத்தார்கள். சில வீடுகளில் எனக்கு மட்டும் இரண்டு. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி என் தலையில் கைவைத்து நெடுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு வளர்ந்துட்டே" என்றாள். பண்ணைத் தலைவர் வீட்டில் அவர் வெளியே வரவில்லை. வேலைக்காரி ஒரு கூடை முட்டையை என் கையில் கொடுத்தாள். அண்ணன் அடித்ததை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

கடைசியில் எங்கள் வீடு. அம்மா புது ஏப்ரன் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் மற்றவர்களோடு வரிசையில் நின்று, பருந்துப் பாட்டுக்கு மூச்சு இழுத்தேன்.

திமித்ரா அக்கா ஆப்பிள் மரப் பாட்டைத் தொடங்கினாள்.

தப்பாகத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்து அவள் இடுப்பில் கிள்ளினேன். அவள் நிறுத்தவில்லை. எல்லோரும் அவளோடு பாடினார்கள். முன்பே பேசிவைத்த மாதிரி ஒருவர்கூடத் தடுமாறவில்லை. தோன்கா மட்டும் வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை. எனக்கும் வேறு வழியில்லாமல் நானும் பாடினேன்.

அம்மா ஆடாமல் நின்று முழுப் பாட்டையும் கேட்டாள். பிறகு ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒவ்வொரு முட்டையாக வைத்தாள். தோன்காவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அக்காவிடம் ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "தேடப்படற ஆளுக்கு பருந்துப் பாட்டு பாடினா எங்களையும் பிடிப்பாங்க" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் அவன் தேடப்படுகிறவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஊரில் எல்லோருக்கும் எப்படியோ எல்லாம் தெரிந்துவிடுகிறது.

அம்மா சாப்பிடவில்லை. முழங்கால் வலியாம்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

நான் குமித்சா ஆகிவிட்டேன்!

கோயிலில் கொடுத்த வில்லோக் குருத்துகளை வளைத்து ஆளுக்கொரு வளையம் கட்டி, ஆற்றில் விடுவோம். யாருடைய வளையம் முதலில் போகிறதோ அவள்தான் அந்த வருடத்துப் பெண்களுக்குத் தலைவி, குமித்சா. அன்றிலிருந்து ஈஸ்டர்வரை மற்ற பெண்கள் அவளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது அவளுக்குச் செய்கிற மரியாதை. ஈஸ்டர் அன்று ரொட்டியும் சிவப்பு முட்டையும் கொண்டுவந்து அவள் கையை முத்தமிடுவார்கள். "மன்னித்தேன், பேசு" என்று அவள் சொன்ன பிறகுதான் பேசலாம்.

என் வளையம் நடு நீரோட்டத்தில் நேராகப் போனது. மற்றவர்கள் எல்லோரும் பெரிய பாறைக்குப் பின்னால், தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும் இடத்தில் விட்டார்கள். அங்கே விட்டால் போகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோன்காவும் நானும் அந்த ஆற்றிலேயே வளர்ந்தவர்கள். அவளும் அங்கேதான் விட்டாள். அவசரத்தில் பார்க்கவில்லை போலிருக்கிறது.

நான் திரும்பிச் சிரித்தபோது எல்லோரும் ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். திமித்ரா அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். என்னைப் பிடித்து அணைத்துக்கொண்டாள், மூச்சு முட்டும் அளவுக்கு.

ஏப்ரல் 14, திங்கள்

குமித்சாவாக இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பெண்கள் எழுந்து வழி விட்டார்கள். ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு சலிப்பாக இருந்தது. ஒரு நல்ல வேடிக்கையைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

பையன்களும் பேசவில்லை. அவர்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. ஆசிரியர் எல்லோரையும் கேள்வி கேட்டார், என்னைத் தாண்டிப் போய்விட்டார். கணக்கு எனக்குத் தெரியும். கையைக்கூடத் தூக்கினேன். ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னை முன்னால் விட்டார்கள்.

ஆசிரியருக்குமா குமித்சா?

ஏப்ரல் 15, செவ்வாய்

கோஸ்தா மாமா வந்தார்! முகமெல்லாம் கரியும் சிரிப்புமாக. அவர் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊருக்குள் அதிகம் வருவதில்லை.

"பாலத்துல காவலை எடுத்துட்டாங்க" என்றார். "ஒரு வாரமாச்சாம். இனிமே அங்கே அவங்களுக்கு வேலையில்லைன்னு பேசிக்கிட்டாங்க. நல்ல காலம் உங்களுக்கு."

அம்மா அவருக்கு ரொட்டி கட்டிக்கொடுத்தாள். "உங்களுக்கு ரொம்ப நன்றி. நீங்க இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவருக்கும் புரியவில்லை.

நான் செருப்பை மாட்டினேன்.

"போகாதே" என்றாள் அம்மா.

"மணியைக் கட்டணுமேம்மா. சொன்னாரில்லே?"

"மழை வரும்."

வானத்தில் மேகமே இல்லை. நான் ஓடிவிட்டேன். அவள் பின்னால் வாசல்வரை வந்தாள். கூப்பிடவில்லை.

மரத்தில் பூ பாதி உதிர்ந்துவிட்டது. கயிறுகள் மழையில் நனைந்து சிவப்பு வெள்ளையில் இறங்கியிருந்தது. கீழ்க்கிளையில் ஒரு கயிற்றில் நீல மணி இருந்தது. முதலில் என்னுடையதுதான் என்று நினைத்தேன். மணிக்கட்டைப் பார்த்தேன், என்னுடையது அங்கேயே இருந்தது. அந்தக் கயிறு இடப்பக்கமாக முறுக்கியிருந்தது.

எல்லோரும் இங்கேதான் கட்டுகிறார்கள். தோன்கா நாரையைப் பார்த்தாள், வந்து கட்டினாள். கீழ்க்கிளையில் கட்டக் கூடாது என்பதை மறந்திருப்பாள். மரத்தடியில் புல் நிறைய மிதிபட்டிருந்தது. பிள்ளைகள் வந்து கட்டும்போது மிதித்திருப்பார்கள்.

என்னுடையதைக் கழற்றி அங்கே கட்டினேன். அவளுடையதை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பள்ளிக்குப் போகும் முன் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கயிறு அப்படியே இருக்கிறது. அவன் இன்னும் வந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இன்றைக்கு எல்லா வீட்டிலும் முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடுவார்கள். எங்கள் வீட்டில் போடவில்லை. காலையில் அம்மாவை ஊராட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கு டீ கொடுக்கவில்லை. அண்ணனின் கோட்டைக் கொடுத்தார்கள்.

மேல் பொத்தானில் என் கயிறு அப்படியே இருக்கிறது. பொத்தானுக்குக் கீழே துணி விறைத்திருக்கிறது.

ஆறாம் தேதி மரத்தடியில் காத்திருந்தார்களாம். அவன் கிளையைத் தொடும்வரை விட்டுவிட்டுப் பிறகு கூப்பிட்டார்களாம். ஓடினானாம். எங்கே புதைத்தீர்கள் என்று அம்மா கேட்டிருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றார்களாம்.

அம்மா கோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"மரத்தைப் பத்தி?"

"இல்லைம்மா."

"எனக்குத் தெரியும், நீ சொல்லமாட்டே" என்றாள். என் தலையைத் தடவினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆப்பிள் மரப் பாட்டைக் கேட்டப்பவே."

"சனிக்கிழமையேவா? எனக்கு ஏன் சொல்லல?"

"மறுநாள் நீ ஓடி வந்து குமித்சா ஆயிட்டேன்னு குதிச்சியே. ஈஸ்டர்வரைக்கும் குதிக்கட்டும்னு விட்டேன்."

ஊரே விட்டிருக்கிறது. எல்லோரும் பாறைக்குப் பின்னால் விட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 18, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. மரத்துக்குப் போய் என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அம்மா கறுப்புத் துணி கட்டியிருக்கிறாள். அவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள், ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு, வரிசையாக. வாசலில் நின்று என் கையை முத்தமிட்டார்கள். ஒவ்வொருவரிடமும், "மன்னித்தேன், பேசு" என்றேன்.

திமித்ரா அக்காவிடம் சொன்னதும் அவள் உடைந்துபோனாள். "யாரு போய்ச் சொல்றதுன்னு தெரியல, வெலிச்கா. யாருக்கும் தைரியம் இல்ல. நீ குமித்சாவா இருந்தா பேசாம இருக்கலாமேன்னு நான்தான் சொன்னேன். ஈஸ்டருக்குள்ள உங்க அம்மா சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன்." அவள் மூக்கைச் சிந்தினாள். "யாரு காட்டிக் கொடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியல. தெரிஞ்சா அவங்க வீட்டு முன்னால ஒரு பொண்ணும் இனிமே பாடமாட்டா."

கடைசியில் தோன்கா. ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குனிந்து முத்தமிட்டபோது அவள் மூக்கு சில்லென்று இருந்தது. நிமிர்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரொட்டியை வாங்கினேன். முட்டையை வாங்கினேன். பையிலிருந்து இடப்பக்கமாக முறுக்கிய கயிற்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.

எதுவும் சொல்லவில்லை.

வழக்கத்தை மீறி அவள் பேசியிருக்கலாம். யாரும் அவளை அடித்திருக்கமாட்டார்கள். பேசவில்லை. மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. கோயில் மணி அடித்தது, பக்கத்து வீட்டு வாசலில் ஸ்பாஸ் மாமா மொட்டைத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மத்தியானம் தாண்டியும் அவள் வேலியோரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "சொல்லிவிடேன், வெலிச்கா. பாவம், எவ்வளவு நேரம் நிப்பா? அவ அப்பா இப்பத்தான் வீடு திரும்பியிருக்காரு. ஒரு வார்த்தைதானே."

"தலை வலிக்குது" என்றேன்.

"அவ உன் சிநேகிதி."

ஜன்னல் கதவை நான்தான் சாத்தினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள் என்றாலும் பள்ளி உண்டு, வராவிட்டால் பெயர் எழுதிக்கொள்வார்கள். ஆசிரியர் தோன்காவை எழுப்பி ஆறுகளின் பெயரைக் கேட்டார். அவளுக்கு அவை தலைகீழாகத் தெரியும். எழுந்து நின்றாள், பேசவில்லை. மறுபடியும் கேட்டார். தோன்கா திரும்பி என்னைப் பார்த்தாள். குமித்சாவோடு பேசக் கூடாது என்பதுதான் வழக்கம், மற்றவர்களோடு பேசலாம். அவள் யாரோடும் பேசுவதில்லை போலிருக்கிறது. வீட்டிலும் பேசவில்லை என்று அவள் அம்மா எங்கள் அம்மாவிடம் வேலிக்கு மேலாகச் சொல்லி அழுதாள்.

"என்ன ஆச்சு இந்தப் பொண்ணுக்கு?" என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் சொன்னால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவள் செய்ததற்கு இது போதாது. சாகும்வரைக்கும் நிற்கட்டும்.

அப்புறம், அவள் பேசத் தொடங்கினால் எங்கள் அம்மாவிடம்தான் மன்னிப்புக் கேட்க முதலில் வருவாள். மரத்தைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று அம்மா கேட்பாள்.